மொட்டைமாடியில் ஒரு பரோக்: கையால் போட்ட தண்டவாளமும் தில்லி வெயிலும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, மயூர் விஹாரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலுள்ள பர்சாத்தி அறையில் வெப்பமானி 43 டிகிரி காட்டிக்கொண்டிருந்தபோது, என் மாதிரி ரயிலின் சிறிய டீசல் எஞ்சின் சுரங்க வாயிலிலிருந்து வெளிப்பட்டு, வளைவைக் கடந்து, இரண்டு பாயிண்ட்டுகளின் (பாதை பிரியும் இடங்களின்) மேலும் தயங்காமல் உருண்டு நடைமேடைக்கு வந்து நின்றது. சென்ற ஆண்டு இதே மே மாதத்தில் அதே வளைவில் தண்டவாளம் நெளிந்து, நான்கு மாத வேலையில் பாதியைப் பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று. இந்த இரண்டு கோடைகளுக்கு இடையில் செய்ததையும் கெடுத்ததையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

கால்கா–சிம்லா மலை ரயில் பாதையை மாதிரிக்கு எடுத்துக்கொண்டதற்கு அதன் அழகு ஒரு காரணம், கணக்கு மற்றொரு காரணம். 1903-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையை முதலில் 2 அடி அகலத்தில்தான் திட்டமிட்டிருந்தார்கள். இராணுவம் வற்புறுத்தியதால் அது 2 அடி 6 அங்குலமாக, அதாவது 762 மி.மீ. ஆக மாறியது. அந்த மாற்றத்தின் பலன் நூறாண்டு கழித்து எனக்குக் கிடைத்தது. 762-ஐ 48-ஆல் வகுத்தால் 15.9 மி.மீ. வருகிறது. எச்.ஓ. என்ற, 1-க்கு 87 அளவிலான மாதிரி எஞ்சின்கள் ஓடும் பாதையின் அகலம் 16.5 மி.மீ. ஆகவே 1-க்கு 48 என்ற அளவில் எல்லாவற்றையும் கட்டினால், பழைய எச்.ஓ. எஞ்சின் ஒன்றின் அடிச்சட்டத்தை அப்படியே பயன்படுத்திக்கொண்டு, 0.6 மி.மீ. பொய்யோடு ஒரு குறும்பாதையை (அகலம் குறைந்த ரயில் பாதையை) உருவாக்கிவிடலாம். நிலையமாக அந்தப் பாதையிலுள்ள பரோக்கைத் தேர்ந்தேன். 1,143 மீட்டர் நீளமுள்ள 33-ஆம் எண் சுரங்கம் நிலையத்தை ஒட்டியே முடிவதால், வண்டிகளை மறைத்து நிறுத்தும் பகுதியைச் சுரங்கத்தின் பின்னால் ஒளித்துவிட முடியும். சுரங்க வாய்க்கும் நிலையத்துக்கும் நடுவில் ஒரு வளைவைச் செருகியது என் அறையின் மூலை செய்த திருத்தம்.

ஆயத்தமாக விற்கும் எச்.ஓ. தண்டவாளத்தை ஏன் வாங்கவில்லை என்று வீட்டிலும் கேட்டார்கள். அதன் ஸ்லீப்பர்கள் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகள்) 1-க்கு 87 என்ற அளவில் வார்க்கப்பட்டவை. குட்டையாக, நெருக்கமாக, 1-க்கு 48 அளவிலான பெட்டிகளின் கீழே சீப்புப் பற்களைப் போலத் தெரியும். மலைப்பாதையின் தோற்றமே ஸ்லீப்பர்களின் நீளத்திலும் இடைவெளியிலும்தான் இருக்கிறது என்பதால், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

அடிப்பலகை வேலை விரைவில் முடிந்தது. கீர்த்தி நகர் மரச்சந்தையில் 12 மி.மீ. ஒட்டுப்பலகை ஒன்று, 8 அடிக்கு 4 அடி, 2,100 ரூபாய்க்கு வாங்கி, அங்கேயே அறுத்து, ஒன்று 240 செ.மீ., மற்றொன்று 120 செ.மீ. நீளமாக, இரண்டும் 60 செ.மீ. அகலத்தில், 'ட' வடிவில் இரண்டு சுவர்களை ஒட்டிப் பொருத்தினேன். மீந்த துண்டு அடிச்சட்டத்துக்குப் போயிற்று. மூலையில் வரும் வளைவின் ஆரம் 50 செ.மீ. உண்மையான பாதையில் மிகக் கூர்மையான வளைவின் ஆரமே 37 மீட்டருக்குச் சற்று மேல். அதை 48-ஆல் வகுத்தால் 78 செ.மீ. வேண்டும். அறை அவ்வளவு தாராளமானது இல்லை. பலகையின் மேற்புறத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்தேன். அடிப்புறத்தையும் ஓரங்களையும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இந்தச் சோம்பல் பின்னால் வட்டியோடு திரும்பி வந்தது.

தண்டவாளத்துக்கான ரயில், அதாவது சக்கரம் உருளும் உலோகக் கம்பிதான், இங்கே கிடைக்காத பொருள். எனக்கு வேண்டியது 1.78 மி.மீ. உயரமுள்ள நிக்கல் சில்வர் ரயில். அதை 48-ஆல் பெருக்கினால் 85 மி.மீ., பழைய குறும்பாதைகளின் மெலிந்த ரயிலுக்கு ஏற்ற உயரம். இங்கிலாந்திலிருந்து வந்த என் அக்காள் மகனிடம் ஒரு கஜ நீளமுள்ள 18 துண்டுகள் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். செலவு ஏறக்குறைய 7,000 ரூபாய். அவன் பெட்டிக்குள் 91 செ.மீ. அடங்கவில்லையாம். என்னைக் கேட்காமலே எல்லாவற்றையும் பாதியாக வெட்டி, துணிகளுக்கு நடுவில் சுருட்டிக் கொண்டு வந்துவிட்டான். “மாமா, முப்பத்தாறு பீஸ் இருக்கு, சரியா எண்ணிக்கோங்க” என்று அவன் பெருமையோடு நீட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது. 45 செ.மீ.க்கு ஒரு இணைப்பு என்றால், ரயில்கள் வழியாகவே எஞ்சினுக்குப் போகும் மின்சாரம் தடைபடவும் சக்கரம் இடறவும் அத்தனை இடங்கள்.

ஸ்லீப்பர்களுக்கு ஐஸ் குச்சியைவிட மலிவான மரம் இல்லை. நூறு குச்சிகள் 80 ரூபாய். ஒரு குச்சி 10 மி.மீ. அகலம், 2 மி.மீ. தடிமன்; முனைகளைக் கழித்து 32 மி.மீ. நீளமாக மூன்று துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் நெடுக்கில் பிளந்து 4 மி.மீ. அகலத்துக்குத் தேய்த்தால் ஆறு ஸ்லீப்பர்கள் தேறும். 16 மி.மீ.க்கு ஒன்றாக வைத்ததில் நாலரை மீட்டர் பாதைக்கு ஏறக்குறைய 280 தேவைப்பட்டன. கறுப்புத் தேயிலைக் கஷாயத்தில் ஓர் இரவு ஊறவைத்தபின், துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் போட்டு எடுத்த நீரைத் தடவினால், வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் பூத்த மரத்தின் நிறம் வருகிறது. இந்த ஒரு வேலை மட்டும் முதல் முறையிலேயே சரியாக அமைந்தது.

மரத்தில் ரயிலை ஈயத்தால் பற்றவைக்க முடியாது. ஆகவே ஒவ்வோர் ஐந்தாவது ஸ்லீப்பரையும் செம்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் பலகையில் வெட்டி, ரயிலை அதில் பற்றவைப்பது வழக்கம். நடுவிலுள்ள மர ஸ்லீப்பர்கள் பார்வைக்கு மட்டுமே. செங்கோட்டைக்கு எதிரிலுள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட்டில் மலிவாக இருக்கிறதே என்று பழுப்பு நிறப் பீனாலிக் பலகையை வாங்கியது முதல் தவறு. பற்றுக்கோலை (ஈயம் உருக்கும் சூட்டுக்கோலை) இரண்டு விநாடி கூடுதலாக வைத்தாலே செம்பு உரிந்து கையோடு வந்தது. முப்பது ஸ்லீப்பர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, கண்ணாடி இழைப் பலகை வாங்கினேன். விலை இரண்டரை மடங்கு. அதை அறுக்கும்போது பறக்கும் தூள் தொண்டைக்கு ஆகாது; மாஸ்க் கட்டிக்கொண்டு, பலகையை ஈரமாக்கி அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் செம்பை முக்கோண அரத்தால் அறுத்துப் பிரிப்பது கட்டாயம். ஒன்றில் மறந்தாலும் இரண்டு ரயில்களுக்கும் ஷார்ட் ஆகிவிடும். நான் இரண்டில் மறந்தேன், மல்டிமீட்டர் காட்டிக்கொடுத்தது.

அடுத்த சிக்கல் உயரத்தில் இருந்தது. சர்க்யூட் பலகை 1.6 மி.மீ., ஐஸ் குச்சி 2 மி.மீ. இந்த 0.4 மி.மீ. வித்தியாசத்தை நிரப்ப, பித்தளைத் தகடு வாங்கச் சாவ்ரி பஜார் போயிருந்தபோது வழி கிடைத்தது. அந்தத் தெரு கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பேர்போனது. ஒரு கடை வாசலில் கழித்துப் போட்டிருந்த மாதிரிப் பத்திரிகைகளை எடுத்துக் கேலிப்பரில் அளந்தால், பொன்னிற விநாயகர் அச்சடித்த ஓர் அட்டை சரியாக 0.40. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இருபது அட்டைகளைச் சும்மாவே கொடுத்தார். பரோக் நிலையத்தின் கீழே யாருடைய திருமணத் தேதியோ இன்னமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நேர்ப்பாதையைப் பற்றவைக்க 25 வாட் சோல்ட்ரான் பற்றுக்கோலும், வெள்ளீயமும் ஈயமும் 60-க்கு 40 கலந்த பற்றீயமும் போதுமானவை. அகலத்தைப் பிடித்து வைக்க ஒரு கேஜ் வேண்டும். கஷ்மீரி கேட் பக்கத்தில் ஒரு லேத் கடைக்காரர் பித்தளைத் தண்டில் 16.5 மி.மீ. இடைவெளியில் இரண்டு பள்ளம் கடைந்து, இரண்டு கேஜ்களுக்கு 400 ரூபாய் வாங்கினார். நான் செய்த தவறு பற்றுப் பசையில். கடையில் கேட்டவுடன் கொடுத்த மஞ்சள் பசை நன்றாகவே ஈயத்தை ஓடவிட்டது. ஆனால் அது அமிலம் கலந்தது. நன்றாகக் கழுவாமல் விட்டதால், ஆறே வாரத்தில் பற்றுகளைச் சுற்றிப் பச்சை பூத்தது. ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியுமாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தேய்த்தேன். இப்போது குங்கிலியம் கலந்த திரவத்தைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை.

பாயிண்ட் என்பது தனி உலகம். கிராசிங்கின், அதாவது ரயில்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தின், சரிவை 1-க்கு 6 என்று வைத்துக்கொண்டு, முழு அளவில் காகிதத்தில் வரைந்து, அதன் மேலேயே வேலை செய்தேன். முதல் முயற்சியில் அங்கே கூடும் இரண்டு ரயில்களையும் ஒரே மாதிரி கூராகத் தேய்த்து முனையோடு முனை சேர்த்தேன். மூக்கு என்ற கூர்முனை இருக்க வேண்டிய இடத்தில் ஈய உருண்டைதான் கிடைத்தது. மெய்யான ரயில்வேயில் பாயிண்ட் ரயில் முழு நீளம் போய் மூக்காகிறது, ஸ்ப்ளைஸ் ரயில் அதன் பக்கவாட்டில் வந்து படிகிறது. அப்படியே செய்தபோது முனை கத்திபோல அமைந்தது. தேய்ப்பதற்கு ஒரு தேக்குக் கட்டையில் 150 மி.மீ.க்கு 25 மி.மீ. சரிவில் கோடு போட்டு ரம்பத்தால் பள்ளம் அறுத்து, ரயிலை அதில் படுக்கவைத்து, கட்டையின் விளிம்புக்குச் சமமாக அரம் போட்டால் சரிவு தானாக வந்துவிடும். 350 ரூபாய் ஊசி அரத் தொகுப்பில் நான் பயன்படுத்தியது தட்டையானதையும் முக்கோணத்தையும் மட்டும்.

பற்றவைத்த மூக்கை ஸ்லீப்பரில் பொருத்தும்போது, அந்தச் சூட்டில் மூக்கே பிரிந்து விழுவது இரண்டாவது தொல்லை. மூக்கின் மேல் ஈரப் பஞ்சைச் சுற்றி அலிகேட்டர் கிளிப்பால் கவ்விக்கொண்டு, வெளியிலிருந்து உள்ளே வரும் வரிசையில் பற்றவைத்தால் நிற்கிறது. வண்டியைத் திருப்பிவிட நகரும் கூரான டங் ரயில்களைத் தேய்ப்பதில் அவசரம் கூடாது: அடிப்பாதத்தின் வெளிப்புறத்தை முழுவதுமாக எடுத்துவிட்டு, தலைப்பகுதியை 40 மி.மீ. நீளத்துக்கு மெல்லக் கரைக்க வேண்டும். நகத்தை, டங் வந்து ஒட்டும் ஸ்டாக் ரயிலின் மேல் ஓட்டினால் டங் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி வர வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட சோதனை. ஒரு டங்குக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

எஞ்சினை முதலில் ஓட்டியபோது அது கிராசிங்கில் சிக்கி நின்றது. சக்கரம் வழி தவறாமல் பிடித்து வைக்கும் செக் ரயில் நெருக்கமாக இருக்கிறது என்று நினைத்து அதை 0.2 மி.மீ. தள்ளிவைத்தேன், எஞ்சின் போயிற்று, ஆனால் பெட்டிகளின் சக்கரங்கள் மூக்கில் முட்டித் துள்ளின. உண்மையில் குற்றம் எஞ்சினின் மேல். பழைய பொருளாக வாங்கிய அந்த அடிச்சட்டத்தின் சக்கரங்களுக்கு உட்புற இடைவெளி 14.0 மி.மீ.தான் இருந்தது. செக் ரயிலுக்கும் மூக்கை ஒட்டிய விங் ரயிலுக்கும் தலா 1.2 மி.மீ. வழி விட்டால் அவற்றின் முகங்களுக்கு இடையே 14.1 மி.மீ. வருகிறது, 14.0 உள்ள சக்கரம் அங்கே மாட்டத்தான் செய்யும். சக்கரங்களை 14.4-க்கு இழுத்து, செக் ரயிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தபின் எல்லாம் ஓடின. 600 ரூபாய் கேலிப்பர் மேசையில் கிடக்கும்போது சக்கரத்தை அளக்காமல் பாதையைக் குற்றம் சொன்னது என் அறிவீனம். மூன்று பாயிண்ட்டுகள் செய்தேன், இரண்டைப் பாதையில் வைத்தேன்.

இவ்வளவும் 2 டிகிரி, 5 டிகிரி இரவுகளோடு கழிந்த சென்ற ஆண்டு ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நடந்தது. பகலில்கூட அறை 11 டிகிரியைத் தாண்டாத நாட்களில்தான் வளைவைப் போட்டேன். இணைப்புகள்மீது இருந்த கோபத்தில், எல்லா ரயில் துண்டுகளையும் முனையோடு முனை நெருக்கி, பித்தளைத் தகட்டால் சுற்றி, ஈயம் ஓட்டி ஒரே ரயிலாக்கினேன். கையை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும். அதைப் பார்த்து எவ்வளவு மகிழ்ந்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

மே மாதம் இரண்டாம் வாரத்தில் அறை 44 டிகிரியைத் தொட்டது. ஒரு நாள் மாலை மேலே போனபோது வளைவின் நடுவில் ரயில் ஏறக்குறைய 3 மி.மீ. வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. நான்கு ஸ்லீப்பர்களில் செம்பு உரிந்திருந்தது. வெப்பத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று தண்ணீர்க் கூலர் ஒன்றை அறைக்குள் திருப்பிவிட்டேன். வெப்பம் 33-க்கு இறங்கியது. ஆனால் கூலரின் ஈரக் காற்றில் வார்னிஷ் அடிக்காத பலகை உப்பியது, கல்யாணப் பத்திரிகைகளும் உப்பின. நெளிந்தது போதாதென்று பாதை மேலும் கீழுமாக அலை அடிக்கத் தொடங்கியது.

எதிர் வீட்டில் இருக்கும் அண்ணாச்சி வடக்கு ரயில்வேயில் பாதைப் பராமரிப்பு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். அவரிடம் இதைக் காட்ட எனக்குத் தயக்கம்தான். மேலே வந்தவர் முதலில் எதையும் தொடவில்லை. முழங்காலிட்டு, கன்னத்தைப் பலகையில் ஒட்டவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரயிலின் மட்டத்தில் வெகுநேரம் பார்த்தார். பிறகு நூல் கேட்டார். 20 செ.மீ. நீளத்துக்கு நூலை வளைவின் உட்புறத்தில் இரு விரல்களால் இழுத்துப் பிடித்து, நடுவில் ரயிலுக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை எஃகு அளவுகோலால் அளக்கச் சொன்னார். இதற்கு வெர்சைன் என்று பெயர், 50 செ.மீ. ஆரத்துக்கு அது 10 மி.மீ. இருக்க வேண்டும். 10 செ.மீ.க்கு ஒரு தடவை நகர்த்தி அளந்தோம். பத்து, பத்து, எட்டரை, பதின்மூன்று, எட்டரை.

“ஜாயிண்ட்ல எவ்வளவு கேப் விட்டீய தம்பி?”

“கேப்பே விடலை அண்ணாச்சி. எல்லாத்தையும் பத்தவச்சுட்டேன்.”

“குளிர்ல போட்டீயளாக்கும்.” அவர் சிரிக்கவில்லை. “எங்க கேங்மேன் இதச் செஞ்சிருந்தா நான் மெமோ கொடுத்திருப்பேன்.”

அன்றிரவு கணக்குப் போட்டேன். நிக்கல் சில்வர் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறக்குறைய 0.017 மி.மீ. நீளும். என் முதன்மைப் பாதை 3.2 மீட்டர், வெப்பம் 11-இலிருந்து 44 வரை 33 டிகிரி ஏறியது, நீட்சி 1.8 மி.மீ. அதே மாதங்களில் வறண்ட காற்றில் பலகை சுருங்கியது. குளிர்காலத்தில் 2 மீட்டர் இடைவெளியில் அடித்திருந்த இரண்டு குறியாணிகளை அளந்தபோது ஒரு மில்லிமீட்டர் குறைவாக வந்தது. ரயில் நீள, பலகை குறுக, ஐந்து ஸ்லீப்பருக்கு ஒரு முறை இரண்டையும் இறுகப் பிணைத்து வைத்திருந்தவன் நான்.

மழைக்காலம் முடிந்து அக்டோபரில், அறை 28 டிகிரியில் இருந்தபோது மறுபடியும் தொடங்கினேன். வளைவையும் வளைவுக்கு இரு பக்கமுள்ள நேர்ப்பாதையையும் பிடுங்கினேன். மூன்று துண்டு ரயில் வளைந்து வீணாயிற்று. பலகையின் அடிப்புறத்துக்கும் ஓரங்களுக்கும் இரண்டு பூச்சு வார்னிஷ். பத்திரிகை அட்டைகளுக்குப் பதிலாகப் பழைய எக்ஸ்ரே பிலிம்: இரண்டு அடுக்கு வைத்தால் 0.38 மி.மீ., ஈரத்தில் உப்பாது, வீட்டில் அப்பாவின் முழங்கால் படங்களே ஒரு கட்டு இருந்தன. பாயிண்ட்டுகளின் கீழே மட்டும் பழைய அட்டைகளை எடுக்கத் துணிவில்லை, விட்டுவைத்தேன்.

சர்க்யூட் பலகை ஸ்லீப்பர்களை ஐந்துக்கு ஒன்று என்பதிலிருந்து பத்துக்கு ஒன்றாகக் குறைத்தேன். 45 செ.மீ. துண்டுக்கு மூன்று விழுகின்றன. நடுவிலுள்ளது ஃபெவிகாலில் இறுகப் பிடித்திருக்கும். முனைகளில் உள்ள இரண்டும் ஜன்னல்களுக்குப் போடும் சிலிக்கான் சீலன்ட்டின் மெல்லிய பூச்சில் உட்கார்ந்திருக்கும், அது கொஞ்சம் நெகிழும். ஒவ்வோர் இணைப்பிலும் 0.25 மி.மீ. இடைவெளி, கணக்குப்படி 0.13 போதும், மீதியைப் பலகையின் சுருக்கத்துக்கு விட்டேன். அளக்க, ஸ்பார்க் பிளக் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ், 120 ரூபாய். இணைப்புத் தகட்டை 0.2 மி.மீ. பித்தளையில் ரயிலின் பாதத்தைச் சுற்றி மடித்து, ஒரு பக்கத்து ரயிலில் மட்டும் பற்றவைத்தேன், மற்றது வழுக்கும். வழுக்கும் இணைப்பை மின்சாரத்துக்கு நம்ப முடியாது என்பதால், ஒவ்வொரு துண்டின் நடுவிலும் தனிக் கம்பி கீழே இறங்குகிறது. கம்பி வேலைக்கு மட்டும் ஒன்பது மாலைகள் போயின.

இந்த மே மாதத்தில் வெர்சைன் அளந்ததில் மிக அதிகம் பத்தரை, மிகக் குறைவு ஒன்பதரை. அண்ணாச்சி ஃபீலர் கேஜை வாங்கி ஒவ்வோர் இணைப்பிலும் நுழைத்துப் பார்த்தார். 43 டிகிரியில் பெரும்பாலானவற்றில் 0.10 போயிற்று, இரண்டில் எதுவும் போகவில்லை. அந்த இரண்டும் பாயிண்ட்டை ஒட்டியவை. பாயிண்ட்டுகள் இன்னமும் ஃபெவிகாலில் முழுதாக ஒட்டியிருப்பதால் நகர்வு முழுவதும் அங்கே போய்ச் சேருகிறது. அடுத்த முறை பாயிண்ட்டின் கிராசிங்கை மட்டும் இறுக்கி, டங் பக்கத்தைச் சீலன்ட்டில் விடுவேன். டங்குகளை இணைக்கும் ஸ்ட்ரெச்சர் பாரையும் அப்போது மாற்ற வேண்டும், சர்க்யூட் பலகையில் செய்தது இரண்டு முறை பற்று விட்டுவிட்டது. ஆந்தி (புழுதிப்புயல்) அடித்த மறுநாள் ரயிலின் மேல் படியும் தூசுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. பழைய பருத்தி வேட்டித் துண்டில் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதோடு சரி.

இதுவரை கணக்கில் எழுதியது 19,460 ரூபாய், எஞ்சின் சேர்க்காமல். பக்கப் பாதை 80 செ.மீ. இன்னும் போடவில்லை, கையில் மூன்று துண்டு ரயில்தான் மிச்சம், அதற்கு நான்கு வேண்டும். அக்காள் மகன் டிசம்பரில் வருகிறான். இந்தத் தடவை முழு நீளமாகவே கொண்டுவர ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கி வைத்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தான். வேண்டாம், முன்போலப் பாதியாகவே வெட்டிக் கொண்டு வா என்று பதில் எழுதினேன்.